புது டிவியில் ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ அழுத்துவது யார்?

ஆடிக்காற்று – சனி, காலை 9:12

பாளையங்கோட்டையில் அப்பா அம்மா வீட்டுக்கு 43 அங்குல ஸ்மார்ட் டிவி எடுக்கப் போகிறேன். பேனல், சவுண்டு பற்றி இங்கே ஏகப்பட்ட இழைகள் இருக்கு, அதுக்காக வரல. கடையில் ஒரு புது டிவியை முதல் தடவை ஆன் பண்ணும்போது வந்த ஒப்பந்தப் பக்கங்களை நின்று படித்தேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதில் ‘பார்க்கும் தகவல்’ என்று ஒரு பகுதி. திரையில் என்ன ஓடுகிறது என்பதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில் சுற்றி வளைத்து எழுதியிருந்தார்கள்.

கேபிள் பார்த்தாலும் இது நடக்குமா? பென்டிரைவ் போட்டால்? தெரிந்தவர்கள் சொல்லுங்க. ‘எல்லாம் போன்லயே போயிடுச்சு, இதுல என்ன’ வகைப் பதில் மட்டும் வேண்டாம்.

காபிடபரா – 9:20

எல்லாம் போன்லயே போயிடுச்சு, இதுல என்ன :)

நியூஜெர்சி_நெல்லை – 9:58

டபரா, கொஞ்சம் பொறுங்க.

ஆடிக்காற்று, கேபிள் பார்த்தாலும் நடக்கும். இதை ஏசிஆர் என்பார்கள், அதாவது திரையில் ஓடுவதை டிவி தானாக அடையாளம் காண்பது. திரையில் ஓடும் படத்திலிருந்து ஆங்காங்கே சில புள்ளிகளின் நிறத்தை டிவி எடுக்கும். அதைச் சுருக்கி ஒரு கைரேகையாக்கி சர்வருக்கு அனுப்பும். அங்கே ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள், படங்கள், விளம்பரங்களின் கைரேகைகள் தயாராக இருக்கும். பொருந்திவிட்டால் எந்தச் சேனல், எந்த நிகழ்ச்சி, எந்த விளம்பரம் வந்ததும் ரிமோட்டை எடுத்தீர்கள் என்பது வரை தெரிந்துவிடும். படம் செட்டாப் பாக்ஸிலிருந்து வருகிறதா, டிவிடி பிளேயரிலிருந்தா என்ற கவலையே அதற்கு இல்லை. கடைசியில் எல்லாம் திரைக்குத்தானே வரணும்.

நான் இருக்கும் மாநிலமே இந்த விவகாரத்தில் ஒரு வாதி. விசியோ என்ற டிவி கம்பெனி மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி அரசும் போட்ட வழக்கு 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலரில் முடிந்தது. 2014 பிப்ரவரியிலிருந்து 1 கோடியே 10 லட்சம் டிவிகளில் வினாடிக்கு வினாடி இப்படி எடுத்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்பே விற்று வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த பழைய டிவிகளுக்கும் அப்டேட் வழியாக இதை ஏற்றியிருக்கிறார்கள். செட்டிங்கில் அதன் பெயர் ‘ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி’. நிகழ்ச்சிப் பரிந்துரையும் சலுகையும் கிடைக்கும் என்று ஒரு வரி விளக்கம், அவ்வளவுதான். கண்காணிப்பு என்று யாருக்குத் தோணும்?

எடுத்ததை ஐபி முகவரியோடு (அந்த வீட்டு இணைய இணைப்பின் எண்) சேர்த்து விற்றிருக்கிறார்கள். வாங்கியவர்கள் அந்த முகவரியை வைத்து அந்த வீட்டாரின் வயது, வருமானம், படிப்பு, கல்யாணம் ஆனவரா, சொந்த வீடா என்பதையெல்லாம் கோத்துக்கொண்டார்கள்.

பென்டிரைவ் கேள்விக்கு: 2013இல் பிரிட்டனில் ஒரு வலைப்பதிவர் தன் எல்ஜி டிவியிலிருந்து வெளியே போகும் தரவைப் பிடித்துப் பார்த்தார். பார்க்கும் தகவலை எடுக்கும் வசதியை அணைத்த பிறகும் சேனல் பெயர்கள் போய்க்கொண்டிருந்தன. பென்டிரைவில் இருந்த கோப்புகளின் பெயர்களும் போயின. குழந்தைகளின் பிறந்தநாள் வீடியோவுக்கு நாம் என்னென்ன பெயர் வைப்போம் என்று யோசித்துப் பாருங்க.

ஆடிக்காற்று – 10:15

2013, 2017 எல்லாம் பழைய கதை. இப்போதும் இப்படித்தானா?

நியூஜெர்சி_நெல்லை – 10:41

2024இல் லண்டன், மாட்ரிட், கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாம்சங், எல்ஜி டிவிகளை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வைத்துச் சோதித்தார்கள். எல்ஜி 10 மில்லிவினாடிக்கு ஒரு தடவை திரையைப் படிக்கிறது, சாம்சங் 500 மில்லிவினாடிக்கு ஒரு தடவை. சேர்த்து வைத்து, எல்ஜி 15 வினாடிக்கு ஒருமுறையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்புகின்றன.

எனக்கு உறுத்தியது வேறொன்று. எச்டிஎம்ஐ வழியே லேப்டாப்பை மாட்டி டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தினாலும் இது ஓடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எத்தனை பேர் டிவியில் லேப்டாப்பை மாட்டி வைத்திருக்கிறோம்!

நல்ல சேதியும் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. டிவிக்குள்ளேயே இருக்கும் நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் ஆப்களில் பார்க்கும்போது ஏசிஆர் வேலை செய்யவில்லை. (அந்தக் கம்பெனிகள் தாங்களே கணக்கு வைத்திருக்கும், அது தனி.) செட்டிங்கில் மறுத்துவிட்டால் அந்த சர்வர்களோடு பேச்சு நின்றுவிட்டது. ஆக, அணைத்தால் அணைகிறது. பொத்தான் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

ஸ்க்ரூடிரைவர் – 11:30

பொத்தான் எங்கன்னு தேடுறது இருக்கட்டும் அண்ணே. முதல்ல அதை அழுத்துனது யாருன்னு கேளுங்க.

நான் டிவி சர்வீஸ் லைன்ல இருக்கேன். டெலிவரி ஆன மறுநாள் இன்ஸ்டலேஷனுக்கு பையன் போவான். செவுத்துல பிராக்கெட் அடிக்கணும், செட்டாப் பாக்ஸ் மாட்டணும், வைஃபை போடணும், வயசானவங்களுக்கு ரிமோட் சொல்லிக் குடுக்கணும், அடுத்த வீட்டுக்கு ஓடணும். நாளைக்கு எத்தனை வீடு முடிச்சான்னுதான் அவனுக்குக் கணக்கு. அக்ரிமென்ட் பக்கம் வந்தா கீழ ‘எல்லாத்துக்கும் சம்மதம்’னு ஒரு கட்டம் இருக்கும். ஒரே டிக். அந்த நேரத்துல வீட்டுக்காரரு ஏணியப் பிடிச்சிட்டு நிப்பாரு. அந்தப் பக்கத்தை அவரு கண்ணுலயே பாத்திருக்க மாட்டாரு.

பையன் மேல தப்பு சொல்லாதீங்க. ஒவ்வொண்ணா படிச்சு வேண்டாததை எடுத்து விட்டான்னு வைங்க, மறுநாள் ‘மைக்ல பேசுனா வேலை செய்யல’ன்னு போன் வரும். திரும்பப் போகணும். அந்த விசிட்டுக்குக் காசு கெடையாது, பெட்ரோல் அவனோடது.

இன்னொண்ணு. பெரியவங்க மட்டும் இருக்குற வீட்டுல கூகுள் அக்கவுண்ட் கேட்டா யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியாது. மாடி வீட்டுப் பையனோட ஜிமெயிலைப் போட்டு ஓட்டுவாங்க. அப்புறம் இங்க தாத்தா பாத்த பட்டிமன்றத்துக்கெல்லாம் அங்க அவன் போன்ல பரிந்துரை வரும்.

ஆடிக்காற்று – 11:44

ஸ்க்ரூடிரைவர், இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. அப்பா வீட்டில் அச்சு அசலாக இதுதான் நடக்கும்.

கட்டம்கட்டி – பகல் 1:05

நான் விளம்பரத் துறை, மீடியா பிளானிங். எதிர்ப்பக்கத்து ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிக்க வேண்டாம்.

இது ஏன் வந்தது என்று பார்த்தால்தான் ஏன் போகாது என்று புரியும். டிவி விற்பதில் பெரிய லாபம் கிடையாது. விசியோவின் தொழில்நுட்பத் தலைவர் பில் பாக்ஸ்டர் 2019இல் ஒரு பேட்டியிலேயே இதைப் போட்டுடைத்தார்: இது 6 சதவீத லாபத் தொழில், விற்ற பிறகு வரும் வருமானத்தை வைத்துத்தான் விலையைக் கீழே வைக்க முடிகிறது என்றார். 2021இன் மூன்றாம் காலாண்டில் அந்தக் கம்பெனிக்கு டிவி விற்றதில் வந்த மொத்த லாபம் 2 கோடியே 56 லட்சம் டாலர். விளம்பரமும் தரவும் சேர்ந்த பிரிவில் 5 கோடியே 73 லட்சம். எது கடை, எது கல்லாப்பெட்டி என்று நீங்களே சொல்லுங்கள்.

டிவியில் ஆப் ஓட்டும் கருவிகள் விற்கும் ரோகு என்ற அமெரிக்கக் கம்பெனி பல ஆண்டுகளாகக் கருவிகளை நஷ்டத்துக்கே தள்ளுகிறது. ஷாவ்மி 2018இல் வெளிப்படையாகவே அறிவித்தது: கருவிகளில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று. அதே ஆண்டு தொடக்கத்தில் அவர்கள் டிவி இந்தியாவுக்கு வந்தது, அதன் பிறகு இங்கே விலை என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும்.

வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து 2024இல் விசியோவை வாங்கியது எதற்கு? டிவி அடுக்கி விற்க அதற்கு ஏற்கனவே இடம் இருக்கு. ராத்திரி சோப்பு விளம்பரம் பார்த்த வீடு காலையில் வால்மார்ட் கடைக்கு வந்து அந்தச் சோப்பை எடுத்ததா என்பதுதான் விஷயம். விளம்பரம் கொடுப்பவர்கள் இதற்காக எவ்வளவு காலமாகத் தவம் கிடக்கிறோம் தெரியுமா?

இங்கே டிஆர்பி என்று ஆடுகிறோமே, அது நாடு முழுக்க 60,000க்கும் குறைவான வீடுகளில் வைத்த மீட்டரில் வருவது. அதிலும் வீடுகளுக்குக் காசு கொடுத்துச் சேனலை ஓடவிட்டார்கள் என்று 2020இல் மும்பையில் போலீஸ் வழக்கு. எல்லா டிவியும் மீட்டரானால் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. இது என் பக்கத்து நியாயம்.

நியூஜெர்சி_நெல்லை – 1:32

மேற்கோள், கட்டம்கட்டி: “எல்லா டிவியும் மீட்டரானால்”

மீட்டர் வைத்த வீட்டுக்கு மீட்டர் இருப்பது தெரியும். கேட்டு, ஒத்துக்கொண்டு வைத்தது. உங்கள் ‘எல்லா டிவி’யில் அதுதான் இல்லை.

கட்டம்கட்டி – 1:40

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டால் எத்தனை பேர் சரி என்பார்கள்? அதனால்தான் கேட்பதில்லை. (இதை நான் சொன்னதாக எங்கேயும் சொல்லாதீர்கள்.)

காபிடபரா – 2:10

சரி, இப்ப சீரியஸாவே கேக்கறேன். 43 இஞ்ச் டிவி ஒரு மாச சம்பளத்துக்குள்ள கிடைக்குது. எங்க வீட்டுல முதல் கலர் டிவி கலைஞர் ஆட்சியில கொடுத்தது, 2006 தேர்தல் வாக்குறுதி. அப்ப கடையில வாங்க வக்கில்ல. இப்ப வாங்கறோம்னா இந்த மாதிரி வியாபாரத்தாலதான். நான் சீரியல் பாக்கறேன், கிரிக்கெட் பாக்கறேன்னு எவனோ தெரிஞ்சுகிட்டா எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? மசாலா விளம்பரம் கூட ரெண்டு வரும். வரட்டுமே.

நியூஜெர்சி_நெல்லை – 2:35

இலவச டிவி என்றதும் நினைவு வந்தது. டெலி என்று ஒரு கம்பெனி 2023இல் இங்கே 55 அங்குல டிவியை இலவசமாகவே தருவதாக அறிவித்தது. பெரிய திரைக்குக் கீழே நீளமாக இன்னொரு திரை. அதில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டின் முக்கிய டிவியாக அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், தரவு எடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். மனம் மாறினால் டிவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை, டபரா. வாசலிலேயே நிபந்தனையைச் சொல்லிவிடுகிறார்கள். காசும் வாங்கிக்கொண்டு, நிபந்தனையையும் நாற்பதாவது பக்கத்தில் ஒளித்து வைக்கிறவர்கள் மேல்தான் கோபம்.

‘என்ன பார்த்தால் என்ன’ என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1987இல் ராபர்ட் போர்க் என்பவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக அதிபர் ரீகன் முன்மொழிந்தார். வாஷிங்டனில் ஒரு வாரப் பத்திரிகை, அவர் வீட்டார் வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த கேசட்டுகளின் பட்டியலை வாங்கி அச்சடித்துவிட்டது. பட்டியலில் வில்லங்கமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எம்பிக்கள் பதறிப்போய் மறு ஆண்டே வீடியோ கடைப் பட்டியலைப் பாதுகாக்கச் சட்டம் போட்டார்கள். அவர்களும் அதே மாதிரிக் கடைகளில்தானே கேசட் எடுத்தார்கள்!

ஆடிக்காற்று – 3:02

எனக்கு எந்த நிகழ்ச்சி என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. நேரம்தான். அப்பாவுக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வராது. ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து சத்தத்தைக் குறைத்துவிட்டு பழைய பாட்டு பார்ப்பார். அம்மாவுக்கே பல நாள் தெரியாது. டிவிக்குத் தெரியும். வீட்டில் யார் எப்போது விழித்திருக்கிறார்கள், எந்த வாரம் வீடு பூட்டிக் கிடக்கிறது, இதெல்லாம் நிகழ்ச்சியின் பெயரே இல்லாமல் கிடைத்துவிடும். தூக்கம் வராத 70 வயதுக்காரருக்கு என்ன விற்கலாம் என்று யோசிக்க ஒருத்தர் உட்கார்ந்தால் போதும்.

டபராவுக்குக் குறையாமல் இருக்கலாம். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லையே.

தவுல் – 3:20

டிவிய விடுங்க. நாங்க பேசுறதயே போன் கேக்குது. கேஸ் அடுப்பு பத்திப் பேசினோம், சாயங்காலமே அடுப்பு விளம்பரம் வருது.

கட்டம்கட்டி – 3:38

இந்தக் கேள்வி எல்லா இழையிலும் வந்துவிடும். பேச்சைக் கேட்டு விளம்பரம் போட அவசியமே இல்லை. உங்கள் வீட்டில் வேறு யாராவது அதே வைஃபையில் அடுப்பு தேடியிருப்பார்கள், அது போதும்.

ஆனால் போன் டிவியைக் கேட்டது நிஜமாகவே நடந்திருக்கு. அதுவும் நம் நாட்டுச் சரக்கு. சில்வர்புஷ் என்று ஒரு இந்தியக் கம்பெனி. டிவி விளம்பரத்துக்குள் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியைப் பொதிந்துவிடுவார்கள். அவர்கள் நிரல் இருக்கும் ஆப் உங்கள் போனில் இருந்தால், மைக் வழியே அந்த ஒலியைப் பிடித்து, ‘இந்தப் போன்காரர் இந்த விளம்பரம் ஓடும்போது பக்கத்தில் இருந்தார்’ என்று சொல்லிவிடும். 2016 மார்ச்சில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிரலை வைத்திருந்த 12 ஆப் தயாரிப்பாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மறு ஆண்டு ஜெர்மனியில் ஆய்வாளர்கள் தேடியபோது 234 ஆண்ட்ராய்டு ஆப்களில் அது இருந்தது. இப்போது டிவியே தானாகச் சொல்லிவிடுவதால் அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

வாய்தா – மாலை 4:50

கோர்ட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன் என்று சொல்ல ஆசைதான், இன்று சனிக்கிழமை. சட்டத்தைச் சொல்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் பிறகு தனிநபர் தரவுச் சட்டம் வர 2023 ஆனது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதாவது 2027 மே. அதுவரை வாய்தா.

ஆடிக்காற்று கேட்டதுக்கும் ஸ்க்ரூடிரைவர் சொன்னதுக்கும் நேரடியாகப் பொருந்துவது இந்தத் தரவுச் சட்டத்தின் பிரிவு 6. சம்மதம் என்பது சுயமாக, இன்ன காரியத்துக்கு என்று தெரிந்து, நிபந்தனையில்லாமல், தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும். தர வேண்டியவர் தரவுக்கு உரியவர். ஏணியில் நிற்கும் பையன் வீட்டிலுள்ள நாலு பேருக்காக டிக் அடித்தால் அது எந்த வகைச் சம்மதம்? கம்பெனி வக்கீல், ‘வீட்டுக்காரர் சார்பில், அவர் முன்னிலையில்’ என்பார். எனக்கு அந்த வாதம் நிற்கும் என்று தோன்றவில்லை. ஆனால் யாராவது ஒருவர் கொண்டுபோய் நிறுத்தினால்தான் விழும்.

இன்னும் மூன்று. அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்பு தர வேண்டும், தமிழ் அதில் உண்டு. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். கொடுக்க ஒரு டிக், எடுக்க ஏழு மெனு என்பது செல்லாது. மூன்றாவது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கவனிக்கவும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் போடவும் தடை. கூடத்து டிவியில் இப்போது கார்ட்டூன் பார்ப்பது பேரனா, தாத்தாவா என்று டிவிக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு பிரிவை ஒழுங்காக அமல்படுத்தினாலே ஏசிஆரின் பாதி வியாபாரம் ஆட்டம் காணும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் அரசு 2025 டிசம்பரில் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஐந்தின் மீதும் இதே ஏசிஆருக்காக வழக்குப் போட்டிருக்கிறது. அங்கே என்ன வாதம் எடுபடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காபிடபரா – 5:05

வக்கீல் சார், கம்பெனிக்குத்தான் சட்டமா? அரசாங்கத்துக்கு?

வாய்தா – 5:21

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். பிரிவு 17இன்படி மத்திய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்கு தரலாம். 2025 நவம்பரில் எல்லாப் புதுப் போனிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசு ஆப்பை (போன் திருட்டு, மோசடிப் புகாருக்கானது) முன்கூட்டியே ஏற்ற வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று வாபஸ். தரவு ஒரு இடத்தில் குவிந்துவிட்டால் அதைக் கேட்டு வருகிறவர் சோப்புக் கம்பெனிக்காரராக மட்டும் இருக்க வேண்டும் என்பதில்லை.

மட்டுறுத்துனர் – 6:00

கடைசி இரண்டு பதிவுகளுக்குக் கீழே வந்த கட்சிச் சண்டை நீக்கப்பட்டது. டிவிக்குத் திரும்பவும்.

ஸ்க்ரூடிரைவர் – 7:45

இப்பதான் வேலை முடிஞ்சுது. எங்க இருக்குன்னு சொல்றேன், மாடலுக்கு மாடல் மெனு மாறும், பேரைப் பாத்துத் தேடிக்கோங்க.

சாம்சங்ல டெர்ம்ஸ், பிரைவசின்னு இருக்குற இடத்துல ‘வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்’. எல்ஜில ரெண்டு இடம், ‘லைவ் பிளஸ்’னு ஒண்ணு, யூசர் அக்ரிமென்ட்ல ‘வியூயிங் இன்ஃபர்மேஷன்’னு ஒண்ணு. ரெண்டையும் எடுக்கணும். சோனில ‘சாம்பா இன்டராக்டிவ் டிவி’ன்னு இருந்தா அதை நிறுத்துங்க. கூகுள் டிவின்னா முதல் செட்டப்பிலயே ‘பேசிக் டிவி’ன்னு ஒரு வழி இருக்கு, அக்கவுண்டே கேக்காது. ஆனா ஆப்பு எதுவும் வராது, கேபிள் பாக்குறவங்களுக்கு அது போதும். ஃபேக்டரி ரீசெட் பண்ணுனா எல்லாத்தையும் மறுபடி கேக்கும், அப்ப திரும்பப் பாருங்க.

சுருக்கு வழி, டிவிக்கு வைஃபையே குடுக்காதீங்க. யூடியூப் மாதிரி ஆப்பு ஓடுற ஸ்டிக் ஒண்ணு வாங்கி டிவி பின்னாடி எச்டிஎம்ஐல சொருகுங்க.

கட்டம்கட்டி – 7:58

ஸ்டிக்கும் தன் பங்குக்கு எடுக்கும், அதை நடத்துகிறவர்களும் விளம்பர வியாபாரிகள்தான். ஆனால் ஒன்று, ஸ்டிக்குக்குத் தனக்குள் ஓடுவது மட்டும்தான் தெரியும். பக்கத்து எச்டிஎம்ஐயில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் தெரியாது. என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

நியூஜெர்சி_நெல்லை – 8:03

விளம்பரக்காரர் வீட்டு டிவிக்கு வைஃபை இல்லையாம்! கேட்டுக்கோங்க மக்களே.

ஆடிக்காற்று – 8:30

எல்லோருக்கும் நன்றி. அப்பா யூடியூபில் பாட்டு கேட்பார், அதனால் பேசிக் டிவி ஒத்து வராது. டிவிக்கு நெட் கொடுக்காமல் ஸ்டிக் போடுகிறேன், அப்பா பேரிலேயே ஒரு கணக்குத் தொடங்கி. இன்ஸ்டலேஷன் அன்று வீடியோ காலில் இருப்பேன், அக்ரிமென்ட் பக்கம் வந்ததும் ரிமோட்டை அப்பாவிடம் கொடுக்கச் சொல்கிறேன்.

ஸ்க்ரூடிரைவர் – 8:36

பையன் வந்ததுமே சொல்லிடுங்க, பாதியில சொன்னா கடுப்பாவான். ரிமோட் கைமாறுற நேரத்துல ஒரு டீ குடுத்துருங்க, அவசரப்படுத்த மாட்டான்.

காபிடபரா – 8:41

அதெல்லாம் சரி, எந்த மாடல்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?

ஆடிக்காற்று – 8:44

அதுக்குப் பேனல் இழைக்கு வாங்க. அங்கே ஏற்கனவே நாலு பேர் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.